நாட்டின் பற்றாக்குறையும் மல்லிகாவின் முகூர்த்தப் புடவையும்

எனக்குக் கருத்து சொல்லும் வியாதி உண்டு. ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை, ஊருக்கே தெரிந்த விஷயம்தான். சர்க்கரை வியாதிக்காரனாவது கல்யாண வீட்டில் லட்டைப் பார்த்தால் ஒரு நிமிஷம் யோசிப்பான். நாலு பேர் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் நான் அந்த ஒரு நிமிஷத்தையும் வீணாக்க மாட்டேன்.

ரூபாயின் மதிப்பு சரிந்தால் அதை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். கச்சா எண்ணெயை எந்த நாட்டிடம் வாங்கினால் லாபம் என்று தெரியும். (என் ஸ்கூட்டர் வாரத்தில் நாலு நாள் ரிசர்வில் ஓடும். அது வேற கதை.) நாட்டின் நீர்க் கொள்கையில் உள்ள ஏழு ஓட்டைகளை விரல் மடக்கிச் சொல்வேன். எங்கள் கொல்லைக் குழாயில் இருந்த ஒரே ஓட்டை எட்டு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம். அந்த பஸ்தான் என் நாடாளுமன்றம். அங்கே வெளிநடப்பு செய்ய முடியாது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து யார் குதிப்பார்கள்? வட்டி விகிதம், இறக்குமதி வரி, இலவசத் திட்டங்கள் என்று நாளுக்கு ஒரு மசோதாவை எடுத்துப் பேசி, நானே ஓட்டெடுத்து, நானே நிறைவேற்றி விடுவேன். பாதிப் பேர் தூங்குவார்கள். அதை நான் மௌன ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

இது போக, என் மனைவி மல்லிகாவின் குடும்பத்தாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அவள் பிறந்த ஊர் பக்கத்திலிருக்கும் மாகறல். விவசாயக் குடும்பம். குழுவில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படம் வரும், அமாவாசை என்றால் சாமி படம் வரும். அதற்கு நடுவில் என் கட்டுரை வரும். தலைப்பு எப்போதும் 'என் பார்வையில்...' என்றுதான் தொடங்கும். மாப்பிள்ளையை யாரும் குழுவிலிருந்து நீக்க முடியாது இல்லையா? அந்தப் பாதுகாப்பில் பத்தி பத்தியாக எழுதினேன்.

அதையும் ஒருவர் படித்தார். மல்லிகாவின் அண்ணன், என் மச்சான் ஏகாம்பரம். எந்தக் கட்டுரை போட்டாலும் அரை மணி நேரத்தில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி விடுவார். சாலையை அகலப்படுத்த அவருடைய நிலத்தில் ஒரு துண்டு போய், அதற்கு நஷ்டஈடு வந்திருந்தது. அதை எதில் போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார்.

“நீங்க படிச்சவரு மாப்ள. நாலும் தெரிஞ்சவரு. நீங்க கைய காட்ற எடத்துல போட்டுட்றேன்” என்றார்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிதியமைச்சருக்குக்கூட இப்படி ஒரு பொறுப்பை யாரும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

இதெல்லாம் சில வருஷங்களுக்கு முன், வெள்ளி விலை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்த சமயம். நம் நாட்டு வீடுகளில் தங்கமும் வெள்ளியும் சும்மா தூங்குகின்றன, அவற்றை வெளியே கொண்டுவந்தால் பொருளாதாரம் எழுந்து ஓடும் என்று யாரோ ஒரு நிபுணர் யூடியூபில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. பட்டுப் புடவையின் ஜரிகை எதில் செய்வது? வெள்ளியில். வெள்ளி இழைக்குத் தங்க முலாம் போட்டதுதானே ஜரிகை! அப்படியென்றால் எங்கள் ஊர் பீரோக்களில் எவ்வளவு வெள்ளி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது?

உடனே எழுதினேன். 'என் பார்வையில்: காஞ்சிபுரத்து பீரோக்களைத் திறந்தால் நாட்டின் பற்றாக்குறை தீரும்.' பழைய பட்டுப் புடவைகள் எல்லாம் செயலற்ற சொத்து, அவற்றை ஜரிகை வியாபாரியிடம் விற்று, வரும் பணத்தை வெள்ளியாகவே முதலீட்டுத் திட்டத்தில் போடுவதே அறிவுடைமை என்று முடித்தேன். கட்டைவிரல் வந்தது. கூடவே மச்சானின் குரல் பதிவும் வந்தது. “மாப்ள, எங்கம்மா புடவ ரெண்டு கெடக்குது, கிழிஞ்சி போனது. எடுத்தாரட்டா?”

நான் சும்மா இருந்திருக்கலாம். 'எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நானா? வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் வீட்டில் நேரடி செயல்விளக்கம், அனைவரும் வருக, சாப்பாடு உண்டு என்று அறிவித்தேன். கொள்கையைச் சொல்பவன் முதலில் தானே கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா? அதனால் கடைசியாக இன்னொரு வரியும் சேர்த்தேன். 'முதல் புடவையாக என் மனைவியின் முகூர்த்தப் புடவையே விற்பனைக்கு வரும்.'

மல்லிகா அந்தக் குழுவை எப்போதோ ஊமையாக்கி வைத்திருந்தாள். விஷயம் அவளுக்கு அண்ணி சரோஜா போன் செய்து சொல்லித்தான் தெரிந்தது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

“ஏங்க, நாட்டுப் பத்தாக்குறைக்கு என் புடவதான் கெடச்சுதா?”

“பதினெட்டு வருஷமா அது பீரோல தூங்குது மல்லிகா. என்னிக்காவது கட்டுனியா?”

“கட்டலன்னா வித்துட்றதா? உங்க வாயிகூடத்தான் ஒரு பிரயோஜனமும் இல்லாம இருக்குது, அத இன்னா வித்துட்டமா?”

நான் சிரித்தேன். பெரிய சீர்திருத்தம் வரும்போது முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்துதான் வரும் என்று பஸ்ஸில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் உட்கார்ந்தாள். குரலை இறக்கினாள்.

“சொன்னாக் கேளுங்க. அந்தப் புடவ மட்டும் வேணாம். வேற எது வேணுமோ எடுத்துக்கோங்க. எங்க அண்ணன் முன்னாடி அத வெளிய எடுக்காதீங்க.”

'எங்க அண்ணன் முன்னாடி' என்ற மூன்று வார்த்தையை நான் அன்றைக்குக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஆனால் என் காது எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் வேலை செய்யும்.

“இதுக்குப் பேருதான் உணர்ச்சிவசப்பட்ட முதலீடு” என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் பேசினேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். எங்களோடு இருக்கும் என் அம்மா கூடத்து மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பூண்டையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை போல என்று நினைத்தேன். (அட அறிவுகெட்டவனே!)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாகறலிலிருந்து மச்சானும் சரோஜா அண்ணியும் வந்தார்கள். கூடவே, சாப்பாடு உண்டு என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, குழுவிலிருந்து இன்னும் ஒரு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டேன். பதினோரு மணிக்கு காதர் பாய் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். தெருத் தெருவாகப் போய் பழைய பட்டுப் புடவை வாங்குகிற மனிதர். ஒரு சின்னத் தராசு, ஒரு உரைகல், ஒரு பிளேடு, ஒரு லைட்டர். இவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். அதிகம் பேச மாட்டார். நான் பேசுவதால் அதை ஒரு குறையாக யாரும் உணரவில்லை.

சிறிய அறிமுக உரைக்குப் பிறகு (சிறியது என்பது என் கணக்கு, சரோஜா அண்ணி இரண்டு தடவை கொட்டாவி விட்டார்) நிகழ்ச்சியைத் தொடங்கினேன். முதலில் மல்லிகாவின் புடவைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் பீரோ சாவியைக் காணோம் என்று மல்லிகா சொன்னாள். சரி, தேடி எடு, அதுவரைக்கும் இதைப் பார்ப்போம் என்று மச்சான் கொண்டுவந்த புடவையை எடுத்து வைத்தேன்.

மடிப்பெல்லாம் இற்றுப்போன அரக்கு நிறப் புடவை. மச்சானின் அம்மாவுடையது. காதர் பாய் பார்டரிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். மேலே இருந்த மினுமினுப்பு உரிந்ததும் உள்ளே குங்குமம் மாதிரி சிவப்பு நூல் தெரிந்தது. எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

“செவப்புப் பட்டு நூலு. அதுமேல வெள்ளி சுத்தியிருக்குது. அசல் ஜரிகைம்மா.”

இதை எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். சுரண்டினால் சிவப்பு வந்தால் அசல், வெள்ளை நூல் வந்தால் செம்புக் கம்பிக்கு முலாம் பூசிய போலி. ஆனால் நான் ஏதோ அணுவைப் பிளந்து காட்டிய மாதிரி கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். இரண்டு புடவைக்குமாகச் சேர்த்து காதர் பாய் சொன்ன விலையைக் கேட்டு மச்சான் வாயைப் பிளந்தார்.

“கிழிஞ்ச புடவைக்கு இவ்ளோவா! மாப்ள, நீங்க எங்கியோ இருக்க வேண்டிய ஆளு!”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டெல்லியில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்பதுதான் பாக்கி.

“மல்லிகா, சாவி கெடச்சுதா?”

“இல்ல.”

“அரிசி டப்பால பாரு.”

“பாத்தாச்சி. அங்கியும் இல்ல.”

எனக்குத் தெரியாதா? நானே போய் அரிசி டப்பாவில் கைவிட்டேன். சாவி இருந்தது. எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன், பாய் அந்தச் சிவப்பு நூலைக் காட்டிய மாதிரியே. கூட்டம் சிரித்தது. மல்லிகா பீரோவுக்கு முன்னால் வந்து நின்றாள். தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றினாள்.

“இந்தாங்க. தங்கம். இத வேணும்னா விக்கச் சொல்லுங்க. உங்க பேச்சும் நிக்கும், எனக்கும் நிம்மதி. அத மட்டும் விட்டுடுங்க.”

ஒரு மனைவி தங்க வளையலைக் கழற்றித் தருகிறாள், பழைய புடவையைத் தர மாட்டேன் என்கிறாள். மூளை உள்ளவன் இங்கே ஒரு நிமிஷம் நின்றிருப்பான். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா? நான் சொன்னனே, உணர்ச்சிவசப்பட்ட முதலீடு, இதுதான்!” என்றேன். அவளைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு பீரோவைத் திறந்தேன்.

அடித்தட்டில், அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, இருந்தது. மாம்பழ நிறம், ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை பார்டர், பார்டர் முழுக்க ஜரிகை. பிரித்ததும் கூடமே 'அடேங்கப்பா' என்றது. “எங்க நிச்சயதார்த்தத் தட்டுல வச்சப்ப மாகறல் ஊரே வாயப் பொளந்துச்சி. பட்டு ஊரு மாப்பிள்ளனா சும்மாவா?” என்று மச்சான் எல்லாரிடமும் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு பெருமை. தங்கச்சியை நல்ல இடத்தில் கொடுத்தோம் என்பதற்கு அந்த மனிதர் பதினெட்டு வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்த அத்தாட்சி அந்தப் புடவைதான்.

காதர் பாய் ஒரு இழையை உருவினார். சுரண்டினார். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு அதை அப்படியே உள்ளங்கையில் சுருட்டி மூடிக்கொண்டார். புடவையை மடிக்கத் தொடங்கினார்.

“சார், இது இருக்கட்டும் சார். நல்ல புடவ. அம்மாவக் கட்டிக்கச் சொல்லுங்க.”

“வெல என்னன்னு சொல்லுங்க பாய்.”

“இத விக்காதீங்க சார். முகூர்த்தப் புடவய யாரும் விக்க மாட்டாங்க.”

இப்போது நினைத்தால், அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருக்கிறது. பத்துப் பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்ற அவர் படாத பாடு பட்டார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. இடைத்தரகர்கள் சந்தையை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன்.

“பாய், இங்க எல்லாமே வெளிப்படையா நடக்கணும். பத்து பேரு முன்னாடி சொல்லுங்க. கையத் தொறங்க.”

“வேணாங்க...” என்றாள் மல்லிகா. இந்தத் தடவை கெஞ்சினாள்.

“நீ சும்மா இரு. பாய், கையத் தொறங்க!”

அவர் என்னைப் பார்த்தார். மல்லிகாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு உள்ளங்கையை விரித்தார். சுரண்டிய இழை வெள்ளையாக இருந்தது. இட்லித் துணி வெள்ளை. அது போதாதென்று நான், “இன்னொரு எழ எடுங்க” என்றேன். எடுத்தார். அதுவும் வெள்ளை. “நெருப்புல காட்டுங்க” என்றேன். லைட்டரைக் காட்டினார். நூல் சுருண்டு, பிளாஸ்டிக் பை எரிந்த நாற்றம் கூடம் பூராவும் பரவியது.

“இதுல வெள்ளின்னு ஒண்ணும் கெடயாது சார். செம்புக் கம்பி, மேல முலாம். எனக்கு இது ஆவாது” என்றார் காதர் பாய், தரையைப் பார்த்துக்கொண்டே.

மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மனித இயல்பு. நான் எழுந்து நின்று கர்ஜித்தேன்.

“ஏமாத்திட்டானுங்க! எந்தக் கடைம்மா அது? பில்லு இருக்குதா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன். கலெக்டர்கிட்ட மனு குடுக்கறேன். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதறேன். ஒரு ஊரோட பேரையே கெடுக்கறானுங்களே, இவனுங்கள...”

“பாஸ்கரு” என்றாள் அம்மா.

“நீ இரும்மா. கடை பேரச் சொல்லு.”

“எந்தக் கடைக்காரனும் ஏமாத்தலடா. நாந்தான் கேட்டு வாங்கனேன்.”

நான் உட்கார்ந்தேன்.

“உங்கப்பா போயி ஒரு வருசம் ஆவல. காசெல்லாம் உன் கைல. கல்யாணத்துக்கு நீ ஒரு நோட்டு போட்டுக் குடுத்தியே, ஞாபகம் இருக்குதா? பட்ஜெட்டுன்னு. அதுல புடவைக்குப் பாதியா வெட்டிட்ட. அந்தக் காசுக்கு அசல் ஜரிகைல இம்மாத்தூண்டு பார்டருதான் வரும்னாங்க. உன்கிட்ட வந்து கேட்டேன். நிதிப் பத்தாக்குறைன்னு சொன்ன. எனக்கு இன்னா தெரியும்? பொண்ணு வூட்டுக்காரங்க தட்டப் பாத்து, பட்டு ஊருல இருந்துக்கினு இதான் கொண்டாந்தாங்களான்னு உன்னக் கேவலமா பேசிடுவாங்களேன்னு பயந்துகினு, பார்டர் பெரிசா இருக்கட்டும்னு இத வாங்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல.”

ஞாபகம் வந்தது. ஐயோ, நன்றாகவே ஞாபகம் வந்தது! நாற்பது பக்க நோட்டு. 'அவசியச் செலவு', 'தவிர்க்கக்கூடிய செலவு' என்று இரண்டு பத்தி பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். முகூர்த்தப் புடவை தவிர்க்கக்கூடிய செலவில் இருந்தது, ஒரு நாள் கட்டுகிற துணிதானே என்று. மெல்லிசைக் கச்சேரி அவசியச் செலவில் இருந்தது. கச்சேரியில் நானே மைக்கைப் பிடுங்கி இரண்டு பாட்டுப் பாடினேன். (பாடினேன் என்று நான் சொல்கிறேன். கேட்டவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.)

மச்சான் மல்லிகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“கல்யாணமாகி ஆறாம் மாசமே தெரியும்ணா. கொசுவம் தேஞ்சி எழ பிரிஞ்சிது. பக்கத்து வூட்ல தறி நெய்யற அக்காதான் பாத்துட்டு, யாருகிட்டயும் காட்டாத, மடிச்சி வச்சிடுன்னாங்க.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப? ட்ராக்டர் கட்டிக்கினு சண்டைக்கி வந்திருப்ப. அப்புறம் அத்த மூஞ்சில நான் எப்டி முழிக்கறது? ஒரு துணிக்காக ரெண்டு குடும்பம் பேசாமப் போறதா? அதான் பீரோல வச்சி பூட்டிட்டேன். இவருதான் தொறந்துட்டாரு.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “எனக்கு நீ தெரிஞ்சிக்கினது தெரியாதேம்மா... நீ கட்டாம இருக்கசொல்லோ எல்லாம் எனக்கு வயித்துல நெருப்பு...” என்றாள். மல்லிகா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அழாதீங்க அத்த. உங்க மேல எனக்கு ஒரு நாளும் கோவம் கெடயாது” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினெட்டு வருஷம். என் மானத்துக்காக அம்மா ஒரு பொய்யை மறைத்தாள், அம்மாவின் மானத்துக்காக மல்லிகா அதே பொய்யை மறைத்தாள். இருவரும் ஒரே அடுப்படியில் நின்று ஒருவருக்கொருவர் தெரியாமல் காத்த ரகசியத்தை நான் கூட்டம் கூட்டி, சாப்பாடு போட்டு, நெருப்பு வைத்துக் காட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

மச்சான் எழுந்து வந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார். அந்தக் கை குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீரோடு நிற்கிறார்.

“மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. நெலத்துக்கு வந்த பணத்த நான் பேங்குலயே போட்டுக்கறேன்.”

முதலில் சிரித்தது சரோஜா அண்ணி. பிறகு யார் யார் என்று தெரியவில்லை. காதர் பாய்கூட உரைகல்லைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்த அம்மாவையும் அது தொற்றிக்கொண்டது. சிரிக்காதவர்கள் மல்லிகாவும் நானும் மட்டும்தான். அவள் தரையில் கிடந்த கருகிய இழையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, “இலையப் போடறேன், எல்லாரும் வாங்க” என்று உள்ளே போனாள். அன்று எனக்கு இலையில் அப்பளம் விழவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், அசல் ஜரிகையில் ஒரு புடவை வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாங்க, உங்க மனசே போதும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“வாங்கிக் குடுங்க. வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் ஒண்ணும் நல்லவ கெடயாது. ஆனா கடைல நீங்க வாயத் தொறக்கக் கூடாது” என்றாள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மாமியாரும் மருமகளும் இரண்டரை மணி நேரம் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் அம்மா ஒரு இழையை உருவிச் சுரண்டச் சொன்னாள். ஜிஎஸ்டி பற்றி மட்டும் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். கடைப் பையன் இரங்கி, “சாருக்கு எது புடிச்சிருக்குது?” என்று கேட்டான்.

“அவருக்குக் கருத்து கெடயாதுங்க” என்றாள் மல்லிகா.

புதுப் புடவை வந்ததே தவிர, அதிகம் கட்டுவது பழையதைத்தான். ஒளித்து வைக்கத் தேவையில்லாமல் போனதும் மாம்பழ நிறப் புடவைக்கு விடுதலை கிடைத்துவிட்டது. கோயிலுக்கு, காதுகுத்துக்கு, வளைகாப்புக்கு எல்லாம் அதுதான். மச்சான் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் அந்த பார்டரைத் தடவிப் பார்த்து, “அசல் ஜரிகையாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு பட்ஜெட்டு” என்றாள் மல்லிகா, என்னைக் கைகாட்டி.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். மாகறலில் இப்போது பந்தலில் நாற்காலிக் கால் முறிந்தால் 'பாஸ்கர் பட்ஜெட்டு'. தீபாவளிக்குப் புஸ்வாணம் புஸ்ஸென்று போனால் 'பாஸ்கர் பட்ஜெட்டு'. அந்தக் குடும்பத்தில் பேச்சுப் பழகிவரும் மூன்று வயசுக் குழந்தை ஒன்று உடைந்த பொம்மையைக் காட்டி என்னிடமே அதைச் சொன்னது.

நான் அந்தக் குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். (பஸ்ஸில் பேசுகிறேன். மனுஷன் எதையாவது செய்து உயிரோடு இருக்க வேண்டாமா?) ஆனால் பிப்ரவரி மாதம் மட்டும் என்னை விடுவதில்லை. டிவியில் பட்ஜெட் உரை முடிந்த பத்தாவது நிமிஷம் மச்சானிடமிருந்து போன் வரும். போன வருஷமும் வந்தது. சத்தமாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது வீட்டு விதி.

“மாப்ள, பட்ஜெட்டு வந்துச்சாமே! சொரண்டிப் பாத்தீங்களா? உள்ள இன்னா கலரு நூலு?”

“இன்னும் முழுசா படிக்கல மச்சான்” என்று இழுத்தேன்.

அடுப்படியிலிருந்து மல்லிகாவின் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

“வெள்ளதாண்ணா!”